அதிவேகப் புகையிரதமும் பொதுமக்கள் பணமும்: ஓர் அரசியற் பொருளாதார நோக்கு

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டோர் புகையிரதத்தைப் பற்றி எழுதுவதற்கு என்ன நியாயம் உண்டு என்ற வினா சிலர் மனத்தில் எழக்கூடும். அவ்வினாவுக்கு இரு விடைகள் உள. முதலாவது, கடந்த இரு நூற்றாண்டுகளில் மனிதர் தூரத்தையும் காலத்தையும் உணர்ந்த முறையைப் புகையிரதம் மாற்றியமைத்தது. அம்மாற்றம் தல்ஸ்தோயின் நாவலிலும் சோலாவின் நாவலிலும் பதிவாகியிருத்தலை இலக்கிய மாணவர் அறிவர். இரண்டாவது விடையே எமக்கு முக்கியமானது. அரசொன்று பெருந்தொகையான பொதுப்பணத்தை ஒரு திட்டத்திற் கொட்டும்போது, அச்செயலை நியாயப்படுத்த ஒரு மொழி தேவைப்படுகின்றது. ‘முன்னேற்றம்’, ‘தேசத்தின் பெருமை’, ‘மீதமாகும் நேரம்’ முதலாய தொடர்கள் அம்மொழியின் சொற்களாகும். இச்சொற்களின் பின்னே நிற்கும் நலன்கள் யாருடையவை என ஆராய்தல் எமது துறைக்குப் புறம்பானதன்று.

மணித்தியாலத்துக்கு 250 கிலோமீற்றரோ அதற்கு மேலோ ஓடத்தக்கதாகப் புதிதாக அமைக்கப்படும் பாதையினையே அதிவேகப் புகையிரதப் பாதை எனப் பொதுவாக வரையறுப்பர். இவ்வண்டிகள் மின்சாரத்தால் இயங்குவன. இவற்றிற் புகை இல்லை. எனினும் வழக்கில் நிலைத்துவிட்ட ‘புகையிரதம்’ என்ற சொல்லையே இக்கட்டுரையிற் கையாள்கின்றோம். இப்பாதைகளுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுதல் தகுமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா. ‘தகும்’ அல்லது ‘தகாது’ என ஒற்றைச் சொல்லில் விடை கூறுவோர் இருசாராரும், எவருக்குத் தகும் என்ற வினாவைத் தவிர்த்துவிடுகின்றனர் என்பது எமது கருத்து.

1. மார்க்சும் இந்தியப் புகையிரதமும்

இந்தியாவின் முதலாவது பிரயாணிகள் புகையிரதம் 1853 ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயின் போரி பந்தரிலிருந்து தாணே வரை, ஏறத்தாழ 34 கிலோமீற்றர் தூரம் ஓடியது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ‘நியூயோர்க் டெயிலி ட்ரிபியூன்’ இதழில் வெளிவந்த கட்டுரையில், இப்பாதைகள் இந்தியாவில் நவீன கைத்தொழிலின் முன்னோடியாக அமையும் எனவும், கிராமங்களின் தனிமையையும் சாதிவழித் தொழிற்பிரிவினையையும் தகர்க்கும் எனவும் மார்க்ஸ் எதிர்பார்த்தார். ஆங்கில ஆலையதிபர்கள் மலிவான பருத்தியைப் பெறும் நோக்கத்துடனேயே பாதை அமைக்கின்றனர் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்நோக்கத்தையும் மீறிய விளைவுகளை அது தோற்றுவிக்கும் என்பதே அவர் வாதம்.

இதற்கு இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தபின், 1881 பெப்ருவரியில் ருஷ்யப் பொருளியலாளரான டானியல்சனுக்கு எழுதிய கடிதத்தில் மார்க்சின் தொனி வேறானது. இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் பிரித்தானியா உறிஞ்சும் செல்வத்தைப் பட்டியலிடுகையில், இந்திய மக்களுக்குப் பயனற்ற புகையிரதங்களுக்கான பங்கிலாபத்தையும் அவர் சேர்த்துக் கூறுகின்றார். இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது என்ன? தனியார் கம்பனிகள் இட்ட மூலதனத்துக்கு நூற்றுக்கு 5 வீத வருவாய் கிடைக்கும் என அரசு உத்தரவாதம் அளித்திருந்தது. வருவாய் குறைந்தால் அக்குறையை இந்திய வரிப்பணம் நிரப்பியது. செலவு மிகுந்தாலும் இலாபம் குறையாது என்ற நிலையிற் சிக்கனத்துக்கு இடமேது? தாதாபாய் நௌரோஜி, ரொமேஷ் சந்திர தத் ஆகியோர் இதனைக் கடுமையாக விமர்சித்தனர். பஞ்சங்கள் நாட்டை வாட்டிய காலத்தில் நீர்ப்பாசனத்துக்குச் செல்லவேண்டிய பணம் புகையிரதத்துக்குச் சென்றது என்பது தத் முன்வைத்த முக்கிய வாதமாகும். எமது நாட்டில் 1867இற் கண்டியை எட்டிய பாதையும் கோப்பித் தோட்டங்களின் தேவையை ஒட்டி எழுந்ததே என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

1853இன் மார்க்சும் 1881இன் மார்க்சும் ஒருவரையொருவர் மறுக்கின்றனர் எனக் கொள்ளுதல் மேலோட்டமான வாசிப்பாகும். முன்னையதிற் புகையிரதம் உற்பத்திச் சக்தி என்ற நிலையில் நோக்கப்படுகின்றது. பின்னையதில் உடைமை உறவு என்ற நிலையில் நோக்கப்படுகின்றது. ஒரே தண்டவாளம் இவ்விரண்டுமாக இருக்கின்றது. ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்திற் போக்குவரத்துத் தொழிலை ஆராயும் மார்க்ஸ், அத்தொழில் விற்கும் பண்டம் இடமாற்றமே என்றும், அது உற்பத்தியாகும் கணத்திலேயே நுகரப்படுவது என்றும் காட்டுகின்றார். 1857-58ஆம் ஆண்டுக் குறிப்பேடுகளில், மூலதனம் இடத்தைக் காலத்தால் அழிக்க முயலும் இயல்பினது என்ற கருத்து விளக்கம் பெறுகின்றது. அதிவேகப் புகையிரதம் இவ்வியல்பின் இன்றைய வடிவம் எனலாம். ஆகவே வேகத்தை வெறுத்தலோ வேகத்தை வழிபடுதலோ மார்க்சிய நோக்காகாது. எந்த உறவுகளுக்குள் அவ்வேகம் இயங்குகின்றது என்பதே ஆராய்தற்குரியது.

2. யப்பானிய அனுபவம்

உலகின் முதலாவது அதிவேகப் பாதையான தொகாய்தோ ஷின்கான்சென் 1964 ஒக்டோபர் 1ஆம் நாள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. 515 கிலோமீற்றர் நீளமான இப்பாதையில் வண்டிகள் மணித்தியாலத்துக்கு 210 கிலோமீற்றர் வேகத்தில் ஓடின. முன்னர் ஆறரை மணித்தியாலம் பிடித்த பிரயாணம் முதலில் நான்கு மணித்தியாலமாகவும், அடுத்த ஆண்டில் மூன்று மணித்தியாலமும் பத்து நிமிடமுமாகவும் குறைந்தது. இச்செய்தியே பரவலாக அறியப்பட்டது. ஆனால் இப்பாதை அமைக்கப்பட்டதன் அடிப்படைக் காரணம் வேகம் அன்று.

யப்பானிய அரச புகையிரதப் பாதைகளின் மொத்த நீளத்தில் நூற்றுக்கு 3 வீதமளவேயான பழைய தொகாய்தோ பாதை, 1950களின் பிற்பகுதியில் நாட்டின் பிரயாணிகள் போக்குவரத்திலும் சரக்குப் போக்குவரத்திலும் ஏறத்தாழக் காற்பங்கைச் சுமந்தது. அக்குறுகிய பாதையில் இனியொரு வண்டியையும் ஓட்ட இயலாத நிலை உருவாகியிருந்தது. விரைவு வண்டி, உள்ளூர் வண்டி, சரக்கு வண்டி ஆகியன ஒரே தண்டவாளத்தில் ஓடும்போது, அவற்றின் வேகங்களுக்கிடையிலான வேறுபாடே பாதையின் கொள்திறனைக் குறைத்துவிடும். விரைவு வண்டிகளைத் தனிப்பாதைக்கு மாற்றினால் பழைய பாதையில் ஏனைய வண்டிகளுக்கு இடம் கிடைக்கும். புதிய பாதையின் பயன் அதிற் பிரயாணஞ் செய்தவருக்கு மட்டும் உரியதன்று. அதில் ஒருபோதும் ஏறாத உள்ளூர்ப் பிரயாணிக்கும் உரியது. தொகாய்தோ பாதை தன் செலவை மீட்டு இலாபம் ஈட்டியமைக்கு, பெருநகரங்கள் ஒரே கடலோரப் பட்டையில் நெருங்கி அமைந்திருந்தமையும் பழைய பாதை நிரம்பி வழிந்தமையும் காரணங்களாகும்.

எனினும் இவ்வரலாற்றின் மறுபக்கமும் உண்டு. தொடக்கத்தில் ஏறத்தாழ 20,000 கோடி யென் எனக் கணிக்கப்பட்ட செலவு 38,000 கோடி யென்னாக உயர்ந்தது. 1961இல் உலக வங்கி 8 கோடி டொலர் கடன் வழங்கியிருந்தது. செலவு பெருகியமையால் எழுந்த கண்டனத்தின் நடுவே, அரச புகையிரதத் தலைவர் சோகோ ஷின்ஜியும் தலைமைப் பொறியியலாளர் ஷிமா ஹிதேயோவும் பாதை திறக்கப்படுமுன், 1963இல் பதவி நீங்கினர். திட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற வேண்டும் என்பதற்காகவே செலவு குறைத்துக் காட்டப்பட்டது எனப் பலர் கூறுவர். நல்ல திட்டமாயினும் மக்களிடம் உண்மையை மறைத்து நிறைவேற்றலாமா என்ற வினாவை இது எழுப்புகின்றது.

தொகாய்தோவின் வெற்றி பின்னர் அரசியல் மூலதனமாயிற்று. 1972இற் பிரதமரான தனாகா ககுயெய் நாடெங்கும் ஷின்கான்சென் வலையை விரிக்கும் திட்டத்தை முன்வைத்தார். அவரது சொந்தத் தொகுதி அமைந்த நீகாத்தாவுக்கான பாதை 1982இல் திறக்கப்பட்டது. இதனிடையே, வண்டிகளின் இரைச்சலாலும் அதிர்வினாலும் பாதிக்கப்பட்ட நகோயா நகர மக்கள் 1974இல் வழக்குத் தொடுத்து, பன்னிரண்டு ஆண்டுகள் போராடிய பின்னரே 1986இல் இணக்கம் கண்டனர்.

1987 ஏப்ரலில் அரச புகையிரதம் பிரிக்கப்பட்டுத் தனியார்மயத்துக்கு ஆளாயிற்று. அப்போது அதன் கடன் 37 இலட்சம் கோடி யென்னளவில் இருந்தது. இக்கடன் முழுவதும் ஷின்கான்சென்னால் விளைந்ததன்று. நட்டத்தில் இயங்கிய கிராமப் பாதைகள், ஓய்வூதியச் சுமை, அரசியல் காரணங்களுக்காகக் கட்டப்பட்ட பாதைகள் எனப் பல இதிற் பங்குகொண்டன. ஆனால் கடன் எவர் தலையிற் சென்றது என்பது கவனத்துக்குரியது. பெரும்பகுதி ஒரு தீர்ப்பனவு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டு, 1998இல் அந்நிறுவனம் கலைக்கப்பட்டபோது எஞ்சிய ஏறத்தாழ 24 இலட்சம் கோடி யென் அரசின் பொதுக்கணக்கிற் சேர்க்கப்பட்டது. இலாபம் தரும் தொகாய்தோ பாதையோ அதற்கு முந்திய ஆண்டிற் பங்குச் சந்தைக்கு வந்துவிட்ட கம்பனியின் கையில் இருந்தது. பிரிவினையை எதிர்த்த ‘கொக்குரோ’ தொழிற்சங்கம் சிதைக்கப்பட்டது. மறுவேலை மறுக்கப்பட்டு 1990இல் நீக்கப்பட்ட 1,047 தொழிலாளரின் போராட்டம் இருபது ஆண்டுகள் நீடித்தது. இலாபம் தனியாருக்கும் கடன் மக்களுக்கும் எனப் பங்கிடப்பட்டமை, ஐந்து வீத உத்தரவாதத்தின் வழிமுறையிலிருந்து எவ்வளவு தூரம் விலகியது என வாசகரே தீர்மானிக்கலாம்.

3. நேரத்துக்கு விலையிடும் முறை

அரசுகள் இத்தகைய திட்டங்களை மதிப்பிடச் செலவு-பயன் ஆய்வு என்ற முறையைக் கையாள்கின்றன. பொதுவேலைகளின் பயனை எவ்வாறு அளப்பது என்பது பற்றிப் பிரெஞ்சுப் பொறியியலாளரான துப்புயி 1844இல் எழுதிய கட்டுரை இம்முறையின் ஊற்றுக்களில் ஒன்றாகும். அதிவேகப் புகையிரதத்தைப் பொறுத்தவரை, பயன் பக்கத்திற் பெரும்பாலும் முதலிடம் பெறுவது மீதமாகும் நேரம். அந்நேரத்துக்கு ஒரு பண அளவு இடப்பட்டு, பிரயாணிகளின் தொகையாற் பெருக்கப்படுகின்றது.

இங்குதான் வர்க்கம் கணக்கினுள் நுழைகின்றது. தொழில் நிமித்தம் பிரயாணஞ் செய்பவரின் நேரம் அவரது சம்பளத்தை ஒட்டி மதிப்பிடப்படுகின்றது. ஓர் உதாரணத்தை நோக்குவோம். மணித்தியாலத்துக்கு 1,000 ரூபா பெறும் முகாமையாளர் ஒருவரும், 50 ரூபா பெறும் தொழிலாளர் ஒருவரும் ஒவ்வொரு மணித்தியாலத்தை மீதப்படுத்துகின்றனர் எனக் கொள்வோம். இவ்வாய்வின்படி முகாமையாளர் ஒருவரின் ஒரு மணித்தியாலம் இருபது தொழிலாளரின் ஒரு மணித்தியாலத்துக்குச் சமமாகும். இருபதாயிரம் தொழிலாளர் தினமும் வேலைக்குச் செல்லும் வண்டியை விரைவுபடுத்தும் திட்டமும், ஆயிரம் முகாமையாளர் செல்லும் வண்டியை விரைவுபடுத்தும் திட்டமும் ஒரே பயனுடையனவாகத் தோன்றும். கணக்கிற் பிழையில்லை. ஆனால் சமூகத்தில் நிலவும் சம்பள ஏற்றத்தாழ்வு நியாயமானது என்ற முடிவு, கணக்குத் தொடங்குமுன்னரே அதன் உள்ளே வைக்கப்பட்டுவிட்டது. இதனை உணர்ந்து, எல்லோரது ஓய்வுநேரத்துக்கும் ஒரே பெறுமதியை இடும் வழக்கத்தைச் சில நாடுகள் மேற்கொண்டுள்ளன. அவ்விடத்தும் தொழில்சார் பிரயாணத்தின் நேரம் உயர்ந்த விலையையே பெறுகின்றது.

பிரித்தானியாவில் 2010இல் முன்வைக்கப்பட்டு 2012இல் அரச அங்கீகாரம் பெற்ற இரண்டாம் அதிவேகப் பாதைத் திட்டம் இதற்குத் தக்க சான்று. தொழில்சார் பிரயாணிகள் மீதப்படுத்தும் நேரமே அதன் பயன்களிற் பெரும்பங்காகக் காட்டப்பட்டது. வண்டியில் இருப்போர் கணினியுடன் வேலை செய்துகொண்டே செல்லும் காலத்தில், வண்டியிற் கழியும் நேரம் முற்றிலும் வீணானது எனக் கொள்வது எவ்வாறு பொருந்தும் என விமர்சகர் வினவினர். அதன் பின்னரே, பழைய பாதைகளின் நெரிசலைத் தணித்தல் என்ற வலுவான நியாயம் முன்னரங்குக்கு வந்தது. முதலிற் கூறவேண்டியதைப் பிந்திக் கூறியமையால் மக்கள் நம்பிக்கை குன்றியது. 2021இற் கிழக்குக் கிளையின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. 2023 ஒக்டோபரிற் பேர்மிங்ஹாமிலிருந்து மன்செஸ்டர் செல்லும் பகுதியும் கைவிடப்பட்டது. 2012இல் முழு வலையமைப்புக்கும் கணிக்கப்பட்ட செலவு 3,300 கோடி பவுண் அளவினது. 2024இல் இலண்டன்-பேர்மிங்ஹாம் பகுதிக்கு மட்டுமே அதனிலும் பெருந்தொகை வேண்டும் என்பது வெளியாயிற்று. வடக்கின் கைத்தொழில் நகரங்களை உயர்த்துவதற்கென ஆரம்பித்த திட்டம் தலைநகரின் பாதையாகச் சுருங்கியமை, முதலாளித்துவத்தின் சமனற்ற வளர்ச்சிக்கு அதனைத் திருத்த முனைந்த கருவியே பலியான கதையாகும்.

4. மூன்று நாடுகள், மூன்று பாதைகள்

பிரான்சில் 1981இற் பாரிஸ்-லியோன் பாதை இயங்கத் தொடங்கியது. அதன் வண்டிகள் புதிய பாதையை விட்டிறங்கிப் பழைய பாதைகளிலும் ஓடத்தக்கனவாக அமைக்கப்பட்டன. புதிய பாதை எட்டாத நகரங்களும் இதனாற் பயனடைந்தன. பெருநகரின் நடுவே புதிய நிலையங்களுக்காக வீடுகளை இடிக்கவேண்டிய தேவையும் குறைந்தது. தொழில்நுட்பத் தெரிவு ஒன்று சமூகப் பங்கீட்டையும் தீர்மானிக்கின்றது என்பதற்கு இது சான்று. ஆயினும் பாதைகள் பாரிசையே மையமாகக் கொண்டு பரந்தமையால், தலைநகரின் ஆதிக்கம் மேலும் வலுப்பெற்றது என்பதையும் மறுத்தற்கில்லை.

ஸ்பெயின் 1992இற் செவில் நகரில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டி மட்ரிட்-செவில் பாதையைத் திறந்தது. இன்று ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் பாதையுடன் ஐரோப்பாவில் அந்நாடு முதலிடத்தில் உள்ளது. மட்ரிட்-பார்சலோனா பாதை 2008இல் முழுமையுற்றபின் அவ்விரு நகரங்களுக்கிடையே விமானப் பிரயாணம் பெரிதும் குறைந்தது. இது உண்மையான பயன். ஆனால் மக்கள்தொகை குறைந்த மாகாணங்களுக்கும் தேர்தல் கணக்குகளின்படி பாதைகள் சென்றன. 2000ஆம் ஆண்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் அதிவேகப் பாதைகளுக்கு வழங்கிய 2,370 கோடி யூரோவின் பயன்பாட்டை ஆராய்ந்த ஐரோப்பியக் கணக்காய்வு மன்றம், 2018இல் வெளியிட்ட அறிக்கையில், தாம் பரிசோதித்த பாதைகளில் வண்டிகள் சராசரியாக வடிவமைப்பு வேகத்தின் நூற்றுக்கு 45 வீதத்திலேயே ஓடுகின்றன எனக் கண்டது. அரைவேகத்துக்குக் குறைவாக ஓடுவதற்கு முழுவேகத்தின் விலை கொடுக்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

சீனாவின் முயற்சி அளவில் ஒப்பற்றது. 2008இற் பெய்ஜிங்-தியான்ஜின் பாதையுடன் தொடங்கி, 2024ஆம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 48,000 கிலோமீற்றர் பாதையை அந்நாடு அமைத்தது. திட்டமிடலும் ஒரே தரத்திலான உற்பத்தியும் செலவைக் குறைத்தன. ஏனைய நாடுகளின் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே ஒரு கிலோமீற்றருக்குச் செலவாயிற்று என 2019இல் உலக வங்கி ஆய்வொன்று கணித்தது. இதனை மறுப்பவர் திட்டமிட்ட பொருளாதாரத்தின் வலிமையைக் காண மறுப்பவரே. ஆனால் அரச புகையிரத நிறுவனத்தின் பொறுப்புகள் 6 இலட்சம் கோடி யுவானுக்கு மேற்பட்டவை. கிழக்குக் கரையின் நெருக்கமான பாதைகள் இலாபம் தர, மேற்கின் நெடும்பாதைகள் அவ்வாறு தருவதில்லை. பழைய மலிவு வண்டிகள் குறைக்கப்பட்ட இடங்களில், ஊர் திரும்பும் இடம்பெயர் தொழிலாளர் உயர்ந்த கட்டணம் செலுத்த நேர்ந்தமையும் விமர்சிக்கப்பட்டது. 2011 ஜூலையில் வென்ஜோ அருகே இரு வண்டிகள் மோதி 40 பேர் மாண்டனர். அவ்வாண்டின் முற்பகுதியில் ஊழற் குற்றச்சாட்டின்பேரில் நீக்கப்பட்ட புகையிரத அமைச்சர் 2013இல் தண்டிக்கப்பட்டார். கட்டுப்பாடற்ற அவசரமும் கண்காணிப்பற்ற அதிகாரமும் எந்தக் கொடியின் கீழும் மக்களுக்குப் பாதுகாப்பாகா.

5. மும்பாய்-அகமதாபாத் பாதை

1853இல் முதல் வண்டி ஓடிய அதே நகரத்திலிருந்து இந்தியாவின் முதலாவது அதிவேகப் பாதை புறப்படவுள்ளது. தாணேயும் அதன் நிலையங்களில் ஒன்று. 508 கிலோமீற்றர் நீளமும் 12 நிலையங்களும் கொண்ட இப்பாதைக்கு 2017 செப்ரெம்பர் 14ஆம் நாள் இந்திய, யப்பானியப் பிரதமர்கள் இருவரும் அகமதாபாத்தில் அடிக்கல் நாட்டினர். அப்போது கணிக்கப்பட்ட செலவு 1,08,000 கோடி ரூபா. அதாவது கிலோமீற்றர் ஒன்றுக்கு 200 கோடிக்கு மேல். இதில் ஏறத்தாழ 81 வீதத்தை 0.1 வீத வட்டியில், ஐம்பது ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தத்தக்க கடனாக யப்பான் வழங்குகின்றது. 2022-23இல் முடிவடையும் எனக் கூறப்பட்ட வேலை தாமதமாயிற்று. சூரத் அருகிலான முதற்பகுதி 2027இல் இயங்கும் என அரசு அறிவித்துள்ளது.

இத்திட்டத்துக்குச் சார்பான நியாயங்களை முதலில் நேர்மையாகக் கூறவேண்டும். மும்பாய்-அகமதாபாத் பட்டை இந்தியாவின் மிக நெருக்கமான கைத்தொழிற் பட்டைகளில் ஒன்று. 500 கிலோமீற்றர் தூரம் அதிவேகப் புகையிரதம் விமானத்தை வெல்லத்தக்க தூரம். பழைய பாதையும் நெரிசலானதே. இவ்வகையில் இது தொகாய்தோவை ஒத்தது.

ஒவ்வாத இடங்களும் உள. இந்தியப் பாதைகள் 1,676 மில்லிமீற்றர் அகலமானவை. புதிய பாதை 1,435 மில்லிமீற்றர் அகலமுடையது. எனவே பிரெஞ்சு வண்டியைப்போல இவ்வண்டி பழைய பாதையில் இறங்கி ஓடாது. அதன் நேரடிப் பயன் பன்னிரண்டு நிலையங்களுடன் நின்றுவிடும். கட்டணம் வழமையான வண்டியின் குளிரூட்டிய முதல் வகுப்பை ஒட்டியதாக இருக்கும் என அதிகாரிகள் கூறிவந்துள்ளனர். மும்பாயின் புறநகர் வண்டியிற் செல்லும் தொழிலாளிக்கு அது எட்டாத கட்டணம். பழைய பாதையில் விடுபடும் இடம் அவருக்கு வழங்கப்படுமாயின், மறைமுகப் பயன் உண்டு. அவ்வாறு வழங்கும் கடப்பாடு திட்டத்தின் பகுதியாக முன்வைக்கப்பட்டதா என்பதே வினா. பேசப்பட்டதெல்லாம் இரண்டு மணித்தியாலமும் ஏழு நிமிடமுமான பிரயாணம் பற்றியே.

நிலத்தை இழந்தோர் எவர் என்பதும் நோக்கற்பாலது. குஜராத்தின் விவசாயிகள் நட்டஈடு தொடர்பாகத் தொடுத்த வழக்குகளை 2019 செப்ரெம்பரில் அம்மாநில உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் ஆதிவாசி மக்கள் நில அளவையை எதிர்த்தனர். 20,000க்கும் மேற்பட்ட கண்டல் மரங்களை வெட்டுவதற்கு 2022இற் பம்பாய் உயர்நீதிமன்றம் அனுமதி வழங்கியது. இம்மக்களிற் பலர் இழப்பது விலைபேசத்தக்க நிலத்தை மட்டுமன்று, வாழ்முறையை. செலவுக் கணக்கில் அதற்கு நிரல் இல்லை.

அடிக்கல் நாட்டப்பட்டுப் பதினைந்தாம் நாள், 2017 செப்ரெம்பர் 29ஆம் நாள் காலை, மும்பாயின் எல்பின்ஸ்டன் வீதிப் புகையிரத நிலையத்தின் ஒடுங்கிய பாதசாரிகள் மேம்பாலத்தில் மழைக்கு ஒதுங்கியோரும் வேலைக்கு விரைந்தோரும் நெரிபட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆலைகள் மூடப்பட்டு அலுவலகங்கள் பெருகிய அப்பகுதியில், பாலத்தின் போதாமை பிரயாணிகள் நெடுநாள் அறிந்தது. பின்னர் இராணுவத்தினர் அங்கு அமைத்த புதிய மேம்பாலம் 2018 பெப்ருவரியில் திறக்கப்பட்டது. ஐந்து மாதங்கள் போதுமாயிருந்தன. மும்பாய்ப் புறநகர்ப் பாதைகளில், தண்டவாளத்தைக் கடக்கையிலும் நெரிசல் மிக்க வண்டிகளிலிருந்து விழுந்தும் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் இறந்துவந்துள்ளனர். 2023 ஜூனில் ஒடிசாவின் பாலசோர் அருகே சமிக்ஞை அமைப்பில் நேர்ந்த தவறினால் விளைந்த விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவரில் வேலை தேடித் தூரதேசம் சென்ற தொழிலாளர் பலர்.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். யப்பானின் கடன் அதிவேகப் பாதைக்கென வழங்கப்பட்டது. அதனை மேம்பாலங்களுக்கு மாற்ற இயலாது. ஆகவே இரண்டையும் எதிரெதிரே நிறுத்துதல் தவறு என்பர். மறுப்பின் முற்பகுதி உண்மை. ஆனால் அது எமது வாதத்தையே உறுதிசெய்கின்றது. மேம்பாலத்துக்கும் சமிக்ஞைக்கும் 0.1 வீத வட்டியில் எவரும் கடன் தர முன்வராமை ஏன்? வண்டியையும் தொழில்நுட்பத்தையும் விற்கும் நாட்டின் கைத்தொழிலுக்குச் சந்தை வேண்டும். கடன் அச்சந்தையின் திறவுகோல். மூலதனம் எங்கு தன் பண்டத்தை விற்க இயலுமோ அங்கேதான் வட்டி குறைகின்றது. கடன் யென்னில் உள்ளது என்பதும் மறக்கத்தக்கதன்று. 1985இற் பிளாசா உடன்படிக்கைக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்குள் டொலருக்கு எதிராக யென்னின் பெறுமதி ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஐம்பது ஆண்டுகள் நாணயமாற்றின் அபாயத்தைச் சுமப்பவர் வரி செலுத்தும் மக்களே. கடனல்லாத எஞ்சிய பங்கோ ஏறத்தாழ 20,000 கோடி ரூபா. அதனை எதற்குச் செலவிடுவது என்பதில் அரசுக்குத் தடையெதுவும் இருக்கவில்லை.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து அதிவேகப் புகையிரதம் பூர்ஷ்வா ஆடம்பரம், எனவே தள்ளத்தக்கது என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. விமானத்தையும் மோட்டார் வாகனத்தையும் விடக் குறைந்த எரிசக்தியிற் பெருந்தொகையான மக்களைக் கொண்டுசெல்லத்தக்க சாதனம் இது. புவி வெப்பமடையும் இக்காலத்தில் அப்பண்பு அற்பமானதன்று. ஆனால் சுரங்கங்களுக்கும் தூண்களுக்கும் செலவாகும் சீமெந்தும் உருக்கும் வெளிவிடும் கரியை ஈடுசெய்ய வேண்டுமெனில், வண்டிகள் பல ஆண்டுகள் நிறைந்து ஓடவேண்டும். வெறும் பெட்டிகள் சூழலைக் காப்பதில்லை.

எனவே இத்தகைய திட்டம் எங்கு முன்வைக்கப்பட்டாலும் ஐந்து வினாக்களுக்கு விடை கோருதல் முற்போக்காளரின் கடமை என்பது எமது நிலைப்பாடு. பழைய பாதை உண்மையாகவே நிரம்பியுள்ளதா? மீதமாகும் நேரத்தின் கணக்கில் எவருடைய நேரம் எவ்விலைக்கு மதிக்கப்பட்டுள்ளது? பழைய பாதையில் விடுபடும் இடம் உள்ளூர் வண்டிகளுக்கும் சரக்குக்கும் வழங்கப்படும் என்பது திட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளதா? நிலம் இழப்போரும் பாதை அமைக்கும் தொழிலாளரும் முடிவெடுப்பதிற் பங்குகொண்டனரா? இறுதியாக, கடன் எவர் கையிலோ இலாபமும் அவர் கையிலேயே இருக்குமா? தொகாய்தோ முதலாம் வினாவுக்குத் தெளிவாக விடையிறுத்து, ஐந்தாம் வினாவிலே தோற்றது. ஸ்பெயினின் பல பாதைகள் முதலாம் வினாவிலேயே தோற்றன. பிரித்தானியா இரண்டாம் வினாவுக்கு அளித்த விடையால் தன் திட்டத்தின் வலுவையே இழந்தது. மும்பாய்-அகமதாபாத் பாதை முதலாவதற்கு ஓரளவு விடையளிக்கின்றது. மூன்றாவதற்கு விடையளிக்க இன்னும் காலம் உண்டு. அதனைக் கோருவோர் வேண்டும்.

மார்க்ஸ் 1853இற் கண்ட நம்பிக்கையும் 1881இற் கண்ட கசப்பும் இன்றும் எமக்குத் தேவைப்படுகின்றன. முன்னையது இன்றேல் தொழில்நுட்பத்தை வெறுக்கும் பழமைவாதிகளாவோம். பின்னையது இன்றேல் அடிக்கல் விழாக்களிற் கைதட்டுவோராவோம். எல்பின்ஸ்டன் பாலத்தில் நின்றவர்கள் கோரியது மணித்தியாலத்துக்கு 320 கிலோமீற்றர் வேகத்தையன்று. உயிருடன் வேலைக்குச் சென்று திரும்பும் வழியொன்றையே. அவர்களது நேரமும் நேரமே எனக் கொள்ளும் கணக்கு உருவாகும்போதுதான், அதிவேகப் பாதையின் செலவு தகுமா என்ற வினாவுக்கு நேர்மையான விடை காண இயலும்.